வெங்காயக் கேள்வி

எங்கள் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனசுக்கும் ஒரு பிரிவு உண்டு. பிள்ளைகளுக்குக் கணக்கு எவ்வளவு வருகிறது, இலக்கணம் எவ்வளவு வருகிறது என்று சோதிப்பவர்கள் மாடியில் இருக்கிறார்கள். கணக்கு வகுப்பில் உட்காரப் பிடிக்கிறதா, வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கப் பயமா என்று விசாரிப்பவர்களுக்குக் கீழே, கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் இடம். மொத்தம் மூன்று பேர். பிரிவுத் தலைவர் அல்மாஸ்பெக். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளிடம் படிவம் நிரப்பி வாங்கிவரும் வெனேரா எஜெ. அவர் கொண்டுவரும் எண்களைக் கணினியில் ஏற்றும் நான். என் பெயர் சபிர். எங்கள் ஊரில் அக்காவும் எஜெதான், டீச்சரம்மாவும் எஜெதான். அவர் எனக்கு இரண்டும்.

எஜெ பிறந்தது 1961 பிப்ரவரியில். அந்த மாதம்தான் மாஸ்கோக்காரர்கள் வெள்ளிக் கிரகத்துக்கு விண்கலம் விட்டார்கள். குளிர்காலப் பட்டியில் ஆடுகளோடு உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்த அப்பா, விண்கலத்தின் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டார். எங்கள் நாட்டில் அந்த வயதில் வெனேராக்கள் நிறைய. அந்த விண்கலம் பாதி வழியிலேயே பேச்சை நிறுத்திவிட்டதாம். எஜெவும் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் வீட்டுக்காரர் ஜானிஷுக்குக் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை. விருந்துகளில் மனுஷர் இதைச் சொல்லாமல் விடமாட்டார்.

"ஊரான் வீட்டுப் புள்ளைங்க மனசையெல்லாம் அளந்துட்டு வர்றா. மாடுகூட எங்க வலிக்குதுன்னு திரும்பிக் காட்டும். இவகிட்ட அதுவும் கெடையாது."

எஜெ கேட்டுக்கொண்டே தேநீர் ஊற்றுவார். தலைநகரில் ஆசிரியர் படிப்பு, பதினாறு வருஷம் சின்ன வகுப்பு, பிறகு பத்தொன்பது வருஷம் இந்தப் படிவம். பதவி உயர்வு இரண்டு முறை வந்தது. மாடிக்குப் போகவேண்டும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டார். ஜீப்பில் கணவாய் ஏறி இறங்கி, புது வகுப்பறையில் நுழைந்து, "எல்லாரும் பேனா வச்சிருக்கீங்களா?" என்று கேட்பதில் அவருக்கு என்ன சுகமோ, எனக்குத் தெரியாது. நான் கொதிகலன் சூட்டை விட்டு நகராதவன்.

அவருடைய வேலைமுறை தனி. முதலில் வாத்தியாரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவார். பிள்ளைகள் எழுத ஆரம்பித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி, கடைசித் தாள் முடியும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். வாங்கிய தாள்களை அவர்கள் கண்முன்னேயே சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துப் போட்டு, "இப்ப எது யாருதுன்னு எனக்கே தெரியாது. வீட்டுக்குப் போங்க" என்பார். இவற்றில் பாதி கையேட்டில் கிடையாது.

கையேட்டில் இல்லாத இன்னொன்று வெங்காயக் கேள்வி. படிவத்தில் பன்னிரண்டு வாக்கியங்கள் இருக்கும். 'இந்த வகுப்புக்கு ஆசையாக வருகிறேன்', 'தெரியாததைக் கேட்க எனக்குப் பயமில்லை', இப்படி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓர் எண் எழுதவேண்டும். ஒன்று என்றால் முற்றிலும் உண்மை, ஐந்து என்றால் கொஞ்சமும் உண்மையில்லை. தலைநகரத்தில் பெரிய படிப்பாளிகள் ஏதோ வெளிநாட்டுப் படிவத்தைப் பார்த்து அப்படியே எடுத்து எழுதியது. அந்த நாட்டில் ஒன்று நல்ல எண்ணாக இருக்கலாம். எங்கள் பள்ளிக்கூடங்களில் ஐந்துதான் முதல் மார்க். மூன்று வாங்கினால் பாஸ், இரண்டு வாங்கினால் வீட்டில் உதை. ஒன்று என்பது வாத்தியாருக்கு வெறி பிடித்தால் போடுவது. தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். எங்கள் பிள்ளை கையில் எண்ணைக் கொடுத்து ஒருவரைப் பற்றிக் கேட்டால், பிடித்தவருக்கு ஐந்து போடாமல் வேறென்ன போடும்?

இதை எஜெ முதல் வருஷமே கண்டுபிடித்துவிட்டார். கையேட்டில் 'மாதிரிக் கேள்வி ஒன்று கேட்கவும்' என்று ஒரு வரி உண்டு. அந்த இடத்தில் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதுவார்: 'சூப்பில் வெந்த வெங்காயம் எனக்கு மிகவும் பிடிக்கும்.' வகுப்பே "உவ்வே" என்று அலறும். என்ன எண் போட்டாய் என்று கேட்டால் அத்தனை பேரும் ஒன்று, இரண்டு என்பார்கள். "அப்ப உங்க எல்லார் வீட்டுக்கும் சொல்லியனுப்பறேன், இனி தட்டு நெறைய வெங்காயம் வைக்கச் சொல்லி" என்பார் எஜெ. அலறல் அடங்கியபின் குறிப்பை மறுபடி வாசிப்பார். பிறகு ஒரு பிள்ளைகூடத் தப்புப் பண்ணாது. பத்து நிமிஷ வேலை.

அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் 2017 நவம்பரில் அவர் விட்டுவிட்டார்.

ஊர் உச்-காயிங், கணவாய்க்கு அந்தப் பக்கம். பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை போட்ட வாரம். மாவட்டத்திலிருந்து ஆள் வருகிறது என்றதும் ஆடு அறுத்துவிட்டார்கள். வேலை முடியாமல் எஜெ எங்கும் கை நனைப்பதில்லை. ஆனால் அன்று தலைமையாசிரியை வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"கறி வெந்து எறக்கியாச்சு எஜெ. ஊர்ப் பெரியவங்கல்லாம் கை கழுவிட்டு ஒக்காந்திருக்காங்க. இப்பப் போயி படிவம், கிடிவம்னா எப்படி?"

பெரியவர்கள் உட்கார்ந்தபின் விருந்தாளி போகாமல் இருக்க முடியாது. போய் உட்கார்ந்தபின், கடைசிப் பெரியவர் கையேந்தி வாழ்த்துச் சொல்லி முடிக்காமல் எழவும் முடியாது. கடைசிப் பெரியவருக்கு அன்று நிறையச் சொல்ல இருந்தது. எழுந்தபோது மணி இரண்டே கால். டிரைவர் ஜன்னலைத் தட்டினார். "கணவாய்ல பனி எறங்குது எஜெ. மூணுக்குள்ள கெளம்பலைன்னா இன்னிக்கு ராத்திரி இங்கதான்." எஜெ ஏழாம் வகுப்புக்குள் ஓடி, குறிப்பை ஒரே மூச்சில் வாசித்து, ஷர்ஷென் என்ற கணக்கு அகாயைப் பற்றிய படிவத்தைக் கொடுத்தார்; எங்கள் ஊரில் வாத்தியார் என்றால் அகாய். எட்டாம் வகுப்பில் வரலாற்று வாத்தியார் காதிரைப் பற்றிய படிவம். இரண்டிலும் வெங்காயம் இல்லை.

ஜனவரியில் அந்தத் தாள்கள் என் மேசைக்கு வந்தன. ஏழாம் வகுப்புத் தாளில் ஐந்து, ஐந்து, ஐந்து. ஒரே விசையைத் தட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எண் ஏற்றுகிறவனுக்கு எண் என்பது எண்தான். பட்டியல் வந்தது. மாவட்டத்துக் கணக்கு வாத்தியார்களில் ஷர்ஷென் கடைசி. வரலாற்றில் காதிர் முதல். காதிர் வரைபடம் காட்டும் குச்சியைப் பிள்ளைகளின் விரல்முட்டியில் பயன்படுத்துகிறவர். ஒரு குச்சி ஒரு பருவம் தாங்காது என்று அவரே பெருமையாகச் சொல்வார். தலைநகரத்திலிருந்து பரீட்சார்த்த உத்தரவு ஒன்றும் வந்திருந்தது. கடைசி இடத்து ஆசிரியரின் வகுப்புகளை அதே பள்ளியில் முதலிடம் வந்தவரிடம் ஒப்படைக்கவேண்டும். ஏப்ரல் முதல் ஏழாம் வகுப்புக்குக் காதிர்தான் கணக்கு.

எஜெ பட்டியலைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"அந்தத் தாள்கட்டை எடு தம்பி. உச்-காயிங்."

இருபத்துமூன்று தாள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இவங்ககிட்ட நான் வெங்காயம் கேக்கல" என்றார். எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது, சிரிப்பும் வந்தது. எஜெ சிரிக்கவில்லை. ஒரே ஒரு தாளைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். இருபத்திரண்டு பேர் ஐந்தும் நாலுமாக எழுதியிருக்க, அதில் மட்டும் ஒன்றும் இரண்டும். ஏழாவது வாக்கியம், 'தப்பான விடை சொன்னால் சிரிப்பார்களோ என்ற பயம் எனக்கு இல்லை.' அதற்கெதிரே அழுத்தி எழுதியிருந்த ஒன்று, தாளின் பின்பக்கம் தடவினால் விரலில் தட்டியது.

அல்மாஸ்பெக்குக்கு முப்பத்திரண்டு வயது. நல்ல பையன்தான், வெளியூரில் படித்தவன், எதற்கும் உடனே வழி சொல்லுவான்.

"இதுக்கா எஜெ இவ்ளோ கலக்கம்? திருப்பிப் போட்டுட்டா முடிஞ்சது. அஞ்சு ஒண்ணாகும், ஒண்ணு அஞ்சாகும். சபிர் அண்ணனுக்கு அரை நிமிஷ வேலை. 'மாணவர்கள் குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டனர்'னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. ஷர்ஷென் அகாயும் தப்பிச்சாரு, நீங்களும் தப்பிச்சீங்க."

எஜெ அந்த ஒற்றைத் தாளை அவன் முன்னால் வைத்தார். "இதை என்ன பண்ணப் போற?"

"அதுவும் சேர்ந்து திரும்பும்."

"இந்தப் புள்ளை ஒண்ணு மட்டும் குறிப்பை ஒழுங்காப் படிச்சுட்டு, அகாயைப் புடிக்கும்னு எழுதியிருந்தா? நாம அதைப் புடிக்கலைன்னு ஆக்கிடுவோம். மத்தவங்களை மாதிரி மார்க்குன்னு நெனச்சுப் போட்டிருந்தா, அது அந்த வகுப்புல நடுங்கிக்கிட்டு ஒக்காந்திருக்கு. ரெண்டுல எது, சொல்லு."

"எஜெ, ஒரு தாளு. சராசரில ஒரு துளி."

"அது சராசரில ஒக்காரலடா. பெஞ்சுல ஒக்காந்திருக்கு. நான் மறுபடி போறேன்."

மறுபடி போவதற்கு ஒரே வழிதான் இருந்தது. பிள்ளைகள் தப்புச் செய்தால் எண்ணைத் திருப்பிக்கொள்ளலாம். மறு ஆய்வு கிடையாது. படிவம் கொடுத்தவர் விதியை மீறியதாக எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் பழைய தாள்கள் செல்லாது என்றாகும். ஒப்புக்கொண்டவருக்கு அந்த மறு ஆய்வே கடைசி ஆய்வு. அதன்பிறகு வெளியூர் வேலை இல்லை. எஜெவுக்கு ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்தது. அந்த ஒன்றரை வருஷத்தையும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பழைய கோப்பறையில், பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து கழிக்கவேண்டும்.

"யோசிச்சுக்கங்க எஜெ" என்றேன் நான். "யாருன்னே தெரியாத ஒரு புள்ளை."

"தெரிஞ்ச புள்ளைன்னா நீ போயிருப்பியா?"

எனக்கு எரிச்சலாக வந்தது.

அவர் எழுதிய விளக்கக் கடிதம் இன்னும் கோப்பில் இருக்கிறது. 'நவம்பர் பதினாறாம் தேதி உச்-காயிங் பள்ளியில் ஆட்டுக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் நேரம் போதவில்லை. மாதிரிக் கேள்வியைக் கேட்காமல் விட்டேன். பிள்ளைகள்மீது தவறில்லை. தவறு என்னுடையது.' அல்மாஸ்பெக் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஆட்டுக்கறியையாவது எடுங்க எஜெ! மேல இருக்கறவங்க படிச்சா என்ன ஆகறது?"

"சாப்பிட்டேனே."

மார்ச்சில் போனோம். விதிமீறலுக்குப் பின் நடக்கும் மறு ஆய்வுக்குச் சாட்சி வேண்டும் என்பதால் என்னையும் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். கணவாயில் எஜெ ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். உச்-காயிங்கில் மறுபடி ஆடு கட்டிப்போட்டிருந்தார்கள். எஜெ அதைத் தாண்டி நேரே வகுப்புக்குள் நடந்தார்.

அன்றைக்குத்தான் வெங்காயக் கேள்வியை நேரில் பார்த்தேன். "எஜெ, எங்கம்மா இப்பவே நெறையத்தான் போடறாங்க, நீங்க வேற சொல்லிடாதீங்க!" என்று ஒரு பெண் கெஞ்சினாள். வகுப்பு உருண்டு சிரித்தது. ஷர்ஷென் அகாய்க்கு ஆபத்து என்று ஊரில் யாருக்கும் சொல்லவில்லை; பழைய தாள்கள் நனைந்துவிட்டன என்று மட்டும் சொல்லியிருந்தோம். எஜெ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கதவருகே நின்று, அவர் சொல்லியிருந்தபடி, பார்வையைத் தரையில் வைத்திருந்தேன். இருபத்துமூன்று பேனாக்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

தாழ்வாரத்தில் நின்று தாள்களைப் பார்த்தோம். ஒன்றும் இரண்டும், ஒன்றும் இரண்டும். பதினான்காவதோ பதினைந்தாவதோ தாளில் எஜெவின் கை நின்றது. ஐந்து, நாலு, ஐந்து, ஐந்து. ஏழாவது வாக்கியத்துக்கு எதிரே ஐந்து. எஜெ தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினார்.

அந்த நேரம் பார்த்து ஷர்ஷென் அகாய் தேநீர்க் கோப்பைகளோடு வந்தார். நாற்பத்தைந்து வயது, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. கரும்பலகையில் யாராவது தப்புப் போட்டால், "அடடா, என் கணக்குச் சிங்கமே! எங்கடா ஒளிஞ்சிருந்த இத்தனை நாளா?" என்று தொடையில் தட்டிச் சிரிப்பாராம். வகுப்பும் சேர்ந்து சிரிக்கும். அதற்காகவே அவர் வகுப்புக்குப் பிள்ளைகள் ஓடிவரும் என்று தலைமையாசிரியை எங்களிடம் சொல்லியிருந்தார்.

"என்ன எஜெ, நான் பாஸா, பெயிலா?"

"பாஸ். மாவட்டத்துல முதல் அஞ்சு பேர்ல ஒருத்தரா வருவீங்க." எஜெ கோப்பையை வாங்கிக்கொண்டார். "இருபத்துமூணுல ஒண்ணு மட்டும் அப்படி இல்ல."

அகாயின் சிரிப்பு அப்படியே நின்றது. "யாரு? மூணாவது வரிசைப் பையனா? அவனை நான் நேத்து..."

"பேரு வேண்டாம் அகாய். எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியக்கூடாது."

"நான் ஒரு புள்ளைமேல கை வச்சதில்லையே எஜெ! ஊர்ல யாரை வேணாக் கேளுங்க!"

"கை வைக்கலை. ஏழாவது கேள்வி. தப்பாச் சொன்னா சிரிப்பாங்களோங்கற பயம்."

தனித்தாளில் இருப்பதை வாத்தியாரிடம் சொல்வது பெரிய விதிமீறல். நான்தான் சாட்சி. அதற்கு யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை, இப்போதுதான் எழுதுகிறேன். ஷர்ஷென் அகாய் தன் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். பிறகு, "எதுன்னு தெரியாம நான் என்ன எஜெ பண்றது?" என்று கேட்டார். எஜெ, "எனக்கும் தெரியலை" என்றார்.

அலுவலகத்தில் எண்களை ஏற்றியதும் அல்மாஸ்பெக் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். "பாருங்க அண்ணே! திருப்பிப் போட்டிருந்தாலும் இதே சராசரிதான். ஒரு புள்ளி மாறல. இதுக்குப் போயி எஜெ தன் வேலையைத் தொலைச்சாங்க." கணக்குப்படி அவன் சொன்னது முழுக்கச் சரி. அவன்மேல் எனக்கு அன்று வந்த கோபம் மட்டும் இன்னும் போகவில்லை. வகுப்பு கைமாறவில்லை. எட்டாம் வகுப்பிலும் மறு ஆய்வு நடந்ததால் காதிரின் முதலிடமும் போயிற்று. திங்கட்கிழமை எஜெ தன் தேநீர்க் கோப்பையையும் கம்பளிச் செருப்பையும் எடுத்துக்கொண்டு கோப்பறைக்குப் போனார்.

அந்த வருஷம் புதுப் பெண் ஒருத்தி வெளியூர் போனாள். கையேட்டின் புதுப் பதிப்பில் வெங்காயக் கேள்வி அச்சாகியிருந்தது, யார் பெயரும் இல்லாமல். உச்-காயிங்கிலிருந்து திரும்பிய டிரைவர் ஒரு செய்தி சொன்னார். ஷர்ஷென் அகாய்க்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஊரில் பேச்சாம். கரும்பலகைக்கு யாரையும் கூப்பிடுவதில்லை. அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகக் குனிந்து, ஒவ்வொரு பிள்ளையின் காதோரமாகத் தாழ்ந்த குரலில் விடை கேட்கிறாராம். இருபத்துமூன்று பேரிடமும், ஒருவர் விடாமல், தினமும். முதல் மாதம் பிள்ளைகள் "அகாய், தொண்டை வலியா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

டிசம்பரில் அதே வகுப்பின் புதுத் தாள்கட்டு என் மேசைக்கு வந்தது. இப்போது அவர்கள் எட்டாம் வகுப்பு. இருபத்துமூன்று தாள்களையும் ஏற்றிவிட்டு, யாருக்கும் தெரியாமல் கோப்பறைக்குப் போனேன். எஜெ ஏணிமேல் நின்று தூசி தட்டிக்கொண்டிருந்தார். நான் எதற்கு வந்தேன் என்று தெரிந்துவிட்டது. மெதுவாக இறங்கினார்.

"சொல்லு."

"எல்லாம் ஒண்ணும் ரெண்டும்தான் எஜெ. அஞ்சு எங்கயுமே இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"இல்ல. ஒரே ஒரு தாள்ல மட்டும் மூணு. ஏழாவது கேள்விக்கும் மூணு."

"மூணா?" தூசித்துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "மூணுன்னா பாஸ்தானே, தம்பி?"

"பாஸ்தான் எஜெ."

அந்த அறையில் ஜன்னல் இல்லை. எஜெ கோப்பு அலமாரியின் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. அவர் முடிக்கும்வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டு கதவருகே நின்றேன்.